ஒரே வட்டாரத்தில் ஐந்து சபைகள், ஐந்தும் ஞாயிறன்றே உணவு கொடுக்கிறோம்: சேர்ந்து செய்வது எப்படி?

தெருமுனை எழுதியது:

வணக்கம். நகரத்தின் நெரிசலான பகுதியில் இருக்கும் ஒரு சபையில் சமூகப் பணிக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். நடந்து போகும் தூரத்தில் இன்னும் நான்கு சபைகள் இருக்கின்றன. ஒன்று கத்தோலிக்கப் பங்கு, இரண்டு பழைய சபைகள், இன்னொன்று வாடகைக் கூடத்தில் கூடும் சின்ன சபை. ஐந்து சபைகளும் இல்லாதவர்களுக்கு உணவுப்பை கொடுக்கிறோம். ஐந்தும் ஞாயிற்றுக்கிழமையே கொடுக்கிறோம்.

போன மாதம் ஒரு அம்மா எங்கள் வாசலில் பையை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். என்ன அவசரம் என்று கேட்டேன். "அக்கா, அடுத்த சபையில பன்னிரண்டு மணிக்கு மூடிடுவாங்க" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வாரம் முழுவதற்கும் வேண்டியதை ஒரே காலையில் ஓடி ஓடிச் சேர்க்கும்படி அவரை வைத்திருப்பது நாங்கள்தான். அதே ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தெரு தள்ளி, படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டு வெளியே வர முடியாத இன்னொரு அம்மாவுக்கு எந்தச் சபையிலிருந்தும் எதுவும் போகவில்லை. அவர் அங்கே இருப்பதே எங்களுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது.

ஐந்து சபைகளிடமும் பேச்சை எடுத்தேன். எல்லோரும் "நல்லது, செய்யலாம்" என்கிறார்கள். அதற்கு மேல் நகரவில்லை. சேர்ந்து செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது? எந்த இடத்தில் உடையும்?

பழைய_மூப்பர் எழுதியது:

சகோதரி, 1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில் பல சபைகள் கூடிய ஒரு மாநாடு நடந்தது. ஆழமான நம்பிக்கை வேறுபாடு காரணமாகத் தனித்தனியாகச் செய்தே ஆக வேண்டியவை சில உண்டு, அவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சபைகள் சேர்ந்தே செய்ய வேண்டாமா என்று அந்த மாநாடு கேட்டது. எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இது நம் வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. நாம் பொதுவாகத் தனியாகச் செய்வதை இயல்பென்று வைத்துக்கொண்டு, சேர்வதற்குக் காரணம் தேடுகிறோம். திருவிருந்திலும் ஞானஸ்நானத்திலும் நமக்குள் வேறுபாடு இருக்கிறது, அது இருக்கட்டும். பசித்தவருக்குத் தட்டு வைப்பதில் என்ன வேறுபாடு?

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் இரண்டு முறை முயன்றோம். முதல் முறை ஐக்கியக் கூட்டம், மேடை, எல்லாப் போதகர்களும் வரிசையாக நாற்காலியில். பெயரும் சின்னமும் முடிவு செய்யவே மூன்று மாதம் ஆனது. அடுத்த ஆண்டு இரண்டு போதகர்கள் மாற்றலாகிப் போனார்கள். வேலையும் அவர்களோடு போய்விட்டது.

இரண்டாம் முறை போதகர்களிடம் ஜெபமும் அனுமதியும் மட்டும் கேட்டோம். சபைக்கு இரண்டு பேர், அதுவும் மாற்றலாகாத உள்ளூர் விசுவாசிகள், உட்கார்ந்தோம். பெரிய தாளில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டு, யார், எத்தனை மணிக்கு, என்ன செய்கிறோம் என்று எழுதினோம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுத இடமில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை வெள்ளையாகக் கிடந்தது. மாதங்களை எழுதியபோது டிசம்பர் நிரம்பி வழிந்தது, பிப்ரவரி காலி. அந்தத் தாளைப் பார்த்தபின் யாரும் யாரையும் வற்புறுத்தத் தேவைப்படவில்லை. ஒரு சபை தானாகவே "நாங்கள் புதன்கிழமைக்கு மாறிக்கொள்கிறோம்" என்றது. உங்கள் முதல் கூட்டத்துக்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

பங்குப்பேரவை எழுதியது:

மூப்பர் ஐயா சொன்ன தாளோடு ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு சபையும் ஏற்கும் பங்கு சின்னதாக, எல்லை தெரிந்ததாக இருக்க வேண்டும். "ஏழைகளுக்கு உதவுவோம்" என்றால் யாருக்கும் பொறுப்பு இல்லை. "செவ்வாய் இரவு எங்களுடையது" என்றால் செவ்வாய் வந்ததும் விளக்கு எரிந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்ததைப் பாருங்கள். 1985 குளிர்காலத்தில் சார்லஸ் ஸ்ட்ரோபல் என்ற பங்குத்தந்தை தன் ஆலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் சிலர் தங்கள் கார்களுக்குள்ளேயே தூங்குவதைக் கண்டு உள்ளே அழைத்தார். ஒரே பங்கு எத்தனை நாள் தாங்கும்? அடுத்த குளிர்காலத்தில் மற்ற சபைகளைக் கேட்டார். ஒவ்வொன்றும் வாரத்தில் ஓர் இரவு, குறிப்பிட்ட சிலருக்குப் படுக்கையும் இரவு உணவும். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சபைகள் அந்த முறையில் இருக்கின்றன. தொடங்குவதற்கு யாரும் புதிதாகக் கட்டடம் கட்டவில்லை. இரவில் பூட்டிக் கிடந்த கூடங்களைத் திறந்தார்கள்.

நியூ ஜெர்சியில் கேரன் ஓல்சன் என்ற பெண்மணி 1986-ல் தொடங்கியதும் இதே வகைதான், ஆனால் குடும்பங்களுக்கு. வீடில்லாத சில குடும்பங்களை ஒரு சபை ஒரு வாரம் தங்க வைக்கும். அடுத்த வாரம் அடுத்த சபை. பத்துப் பன்னிரண்டு சபைகள் சுற்றில் இருந்தால் ஒரு சபைக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் வரும். பகலில் குளிக்க, துணி துவைக்க, வேலை தேட ஒரு பொது மையம். யூத ஜெபாலயங்களும் அதில் சேர்ந்துகொண்டன. பாரம் பங்கிடப்படும்போது பெரிய சபை, சின்ன சபை என்ற பேச்சே எழத் தேவையில்லை.

எங்கள் பங்கில் இதைச் சிறிய அளவில் செய்தபோது ஒரு குறை கண்டோம். வாரா வாரம் இடம் மாறுவது குழந்தைகளுக்குக் கஷ்டம். அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே போர்வை, ஒரே தலையணை. அவை மட்டும் குழந்தையோடு கூடம் கூடமாகப் போகும்.

கணக்கர் எழுதியது:

எங்கே உடையும் என்று கேட்டீர்கள். பணத்தில் உடையும். முப்பது வருடம் தணிக்கை வேலை பார்த்தவன், இதை வேதனையோடு சொல்கிறேன். நான் பார்த்த ஒரு கூட்டுப் பணியில் யாரும் திருடவில்லை. ஆனால் எல்லாப் பணமும் பெரிய சபையின் கணக்கில் போய்க் கலந்துவிட்டது. கடைசியில் எது எதற்கு வந்த காணிக்கை என்று பிரிக்க முடியவில்லை. சந்தேகம் வந்தது, பேச்சு நின்றது, பணியும் நின்றது.

பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சபைகளிடம் திரட்டிய பணத்தைத் தனியாக எடுத்துப் போகவில்லை. 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தைப் பாருங்கள். சபைகளே தெரிந்தெடுத்த ஆள் ஒருவரும் உடன் போகிறார். யாரும் குறை சொல்ல இடம் வரக்கூடாது, கர்த்தருக்கு முன்பு மட்டுமல்ல மனுஷருக்கு முன்பும் சரியாக இருக்க வேண்டும் என்பதே அவர் சொல்லும் காரணம். அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டது.

ஆகவே முதல் நாளிலிருந்தே தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வேறு வேறு சபையைச் சேர்ந்த இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும். மாதம் ஒரு பக்கக் கணக்கு ஐந்து அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்பட வேண்டும். பொருளாக வந்ததையும் எழுதுங்கள்; ஐம்பது போர்வை வந்தால் ஐம்பதும் எங்கே போயின என்று தெரிய வேண்டும். அறக்கட்டளையாகப் பதிவு செய்வதற்கு அவசரப்பட வேண்டாம். ஒரு வருடம் சேர்ந்து வேலை செய்து பாருங்கள். அதுவரை இரண்டு பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும். யார் என்ன தருகிறார்கள், யார் முடிவெடுப்பது, ஒரு சபை விலகினால் என்ன நடக்கும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மூன்றாவதைத்தான் எழுத எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். அதையும் எழுதிவிடுங்கள்.

மாலைச்செவிலி எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஐந்து சபைகள் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் அறியாத தன்னார்வலர்கள் ஒரே கூடத்தில் நிற்பார்கள். "அவர் அந்தச் சபை மூப்பர், நல்லவர்தான்" என்ற சொல்லே பரிசோதனையாகிவிடக்கூடாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் பழகும் எவரைப் பற்றியும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பேர். புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பெயரும் எண்ணும் சுவரில் இருக்கட்டும். அந்த நபர் போதகராக இல்லாவிட்டால் நல்லது, ஏனென்றால் புகார் போதகர் மேலேயே வரலாம்.

இரவுத் தங்கல் என்றால் தீயணைப்புக் கருவி, பூட்டப்படாத இரண்டாவது வாசல், பெண்களுக்குத் தனி இடம், மருந்து சாப்பிடுகிறவர்களின் மருந்தை வைக்க ஒரு பெட்டி.

அப்புறம் ஒன்று, மனசில் வெகுநாளாக இருப்பது. இந்தக் கூட்டங்களில் மேசையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்படியில் அதே எட்டுப் பெண்கள் நிற்பார்கள். எந்தச் சபையாக இருந்தாலும் இதுதான். மூன்றாவது மாதத்தில் அந்த எட்டுப் பேரும் ஓய்ந்துபோவார்கள், பணி நின்றுபோகும், யாருக்கும் காரணம் புரியாது. முறை வைக்கும்போது சமையலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் முறை வையுங்கள்.

இளையசபை எழுதியது:

ஐயாமார், அக்காமார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வாடகைக் கூடத்தில் அறுபது பேரோடு கூடும் ஒரு சபையின் பாஸ்டர் நான். தெருமுனை அக்கா சொன்ன அந்தச் சின்ன சபை போலத்தான் எங்களுடையதும். மறைக்காமல் சொல்கிறேன். இப்படிப்பட்ட அழைப்புகள் வரும்போது எனக்குப் பயம் வரும். பெரிய சபைகள் திட்டத்தை முடிவு செய்துவிட்டு, நாற்காலி தூக்க எங்கள் வாலிபர்களைக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அடுப்படி இல்லை, மாலையில் கூடமும் எங்களுடையதல்ல. நாங்கள் என்ன தருவது?

இரண்டாவது, சுவிசேஷம். உணவு கொடுக்கும் இடத்தில் இயேசுவின் பெயரைச் சொல்லக்கூடாது என்று சில கூட்டு ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள். அதை நான் எப்படி ஏற்பது? அவர்தானே எங்களை அனுப்புகிறார்?

பழைய_மூப்பர் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு இரண்டு பதில். ஒன்று, உங்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும். திட்டம் முடிந்தபிறகு கூப்பிட்டால் நீங்கள் வராதது சரிதான். இரண்டு, கட்டடம் தேவைப்படாத பணிகள் உண்டு. 2003 ஜனவரியில் லண்டனில் லெஸ் ஐசக் என்ற போதகர் தொடங்கிய பணியைப் பாருங்கள். பல சபைகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று, வார இறுதி இரவுகளில் தெருவில் நடக்கிறார்கள். போதையில் விழுந்து கிடப்பவருக்குத் தண்ணீர் தருகிறார்கள். உடைந்த பாட்டில்களை எடுத்துப் போடுகிறார்கள். குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கும் பெண்களுக்கு ரப்பர் செருப்பு கொடுக்கிறார்கள். அந்த ரப்பர் செருப்பு எந்தச் செயற்குழுவுக்கும் தோன்றியிருக்காது, தெருவில் நின்றவருக்குத்தான் தோன்றும். உங்கள் வாலிபர்களுக்குக் கால்கள் இருக்கின்றன. சகோதரி சொன்ன படுக்கையில் கிடக்கும் ஐயாவின் வீட்டுக்கு நடந்துபோக அவர்கள் போதும்.

இரண்டாவது கேள்வியை நான் உங்களிடமிருந்து பறிக்க மாட்டேன். யாராவது ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லுங்கள், ஜெபம் கேட்டால் ஜெபியுங்கள். தட்டுக்கு முன் பிரசங்கத்தை வைக்காதீர்கள் என்பது மட்டும்தான் எங்கள் விதி.

வரிசையில்நின்றவள் எழுதியது:

நான் வாங்கிய பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் விட்டுப் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு ஒன்றரை வருடம் சபைகளின் உதவியில்தான் இருந்தேன். அந்த உதவி இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்திலும் கணவர் எங்கே என்ற கேள்வி. முதல் இடத்தில் சொல்லும்போது அழுதேன். இரண்டாவது இடத்திலும் அழுதேன். நாலாவது இடத்தில் அழாமல் சொல்லப் பழகிவிட்டேன். அழாமல் சொன்னதால் அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு நான் பொய் சொல்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. அவர் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். பத்து மணிக்கு நான் வேலையில் இருப்பேன். போகாவிட்டால் பை இல்லை, போனால் அன்றைய கூலி இல்லை. அடுப்பு எரிக்க வழியில்லாத வாரத்திலும் சமைக்க வேண்டிய பொருளே வந்தது. என்ன வேண்டும் என்று ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டார்கள். பெரியவனுக்குப் பள்ளிக்காலணி என்றேன். அடுத்த வாரம் கொடுத்தார்கள், சரியான அளவில்.

இளையசபை பாஸ்டர் ஐயா, நான் ஜெபத்தை வெறுத்தவள் இல்லை. இன்றைக்கும் சபைக்குப் போகிறேன். ஆனால் பசியோடு ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பாடச் சொன்னபோது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பாட்டை என்னால் இன்றும் பாட முடியவில்லை.

ஐந்து சபைகளும் சேர்ந்தால் என்னைப் போன்றவளுக்குக் கிடைக்கும் பெரிய உதவி, கதையை ஒரே முறை சொன்னால் போதும் என்பதுதான். ஒரு எண், ஒரு ஆள், ஒரு படிவம். மற்றதை நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

இளையசபை எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை நேற்றிரவு என் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். எங்கள் சபையிலும் பாடிவிட்டுத்தான் பை கொடுக்கிறோம். இந்த ஞாயிறு முதல் பையை முதலில் கொடுப்போம், பிறகு விரும்புகிறவர்கள் உட்காரட்டும். இதை மூப்பர்களிடம் பேசிவிட்டேன். நான் விசுவாசிப்பது மாறவில்லை, வரிசை மாறுகிறது.

சபைக்கு_வெளியே எழுதியது:

நான் கிறிஸ்தவர் அல்ல. நகரத்தில் வீடற்றோருக்கான பணியில் இருக்கும் சமூகப் பணியாளர். சபைகளோடு நிறைய வேலை செய்திருக்கிறேன், மதிக்கிறேன். மேலே அந்தச் சகோதரி சொன்ன "ஒரே எண்" பற்றி இரண்டு வார்த்தை.

ஒரே பட்டியல் வைத்தால் அதை யார் பார்க்கலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடிக்கும் கணவனிடமிருந்து ஒளிந்திருக்கும் பெண்ணின் முகவரி ஐந்து சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றக்கூடாது. பெயரும் தேவையும் மட்டும், இரண்டு மூன்று பேர் கையில். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு.

பிரிட்டனில் டிரஸல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் 2000-ல் சால்ஸ்பரியில் தொடங்கிய உணவு வங்கி முறையில், மருத்துவர், பள்ளி, சமூகப் பணியாளர் போன்றோர் சீட்டு எழுதிக்கொடுப்பார்கள். அதைக் காட்டினால் மூன்று நாளுக்கான உணவு. அதில் எனக்குப் பிடித்தது, பசி ஏன் வந்தது என்று தெரிந்த ஒருவர் ஏற்கெனவே அந்தக் குடும்பத்தோடு பேசியிருப்பார். கடனா, வேலை போனதா, அரசு உதவித்தொகை நின்றதா? பை கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டு, ஆவணம் நிரப்பத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். உங்கள் சபைகளில் ஓய்வுபெற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் எத்தனை பேர் இருப்பார்கள்! நின்றுபோன ஓர் ஓய்வூதியத்தை மீட்டுக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு மாதா மாதம் பை தேவைப்படாது.

சேர்ந்தால் கேட்கவும் முடியும். நியூயார்க்கின் கிழக்குப் புரூக்ளினில் சபைகள் கூட்டாகத் தொடங்கியபோது முதலில் கேட்டவற்றில் ஒன்று, காணாமல்போன தெருப் பெயர்ப்பலகைகளை நகராட்சி திரும்ப வைக்க வேண்டும் என்பது. சின்ன விஷயம்தான், ஆனால் கிடைத்தது. மக்களுக்குத் தைரியம் வந்தது. பிறகு 1980-களில் அதே சபைகள், தங்கள் தலைமைச் சபைகளிடம் வட்டியில்லாக் கடன் திரட்டி, சொந்த வீடு வாங்க வழியில்லாத உழைக்கும் குடும்பங்களுக்கு வீடு கட்டத் தொடங்கின. ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். இடிந்த மதிலைக் கட்டிய நெகேமியாவின் பெயரை அந்த வீடுகளுக்கு வைத்தார்கள்.

பங்குப்பேரவை எழுதியது:

வரிசையில்நின்றவள் சகோதரியை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தேன், அவர் உங்கள் ஊரில் இல்லாவிட்டால் அவரைப் போன்ற ஒருவரை. திருத்தூதர் பணிகள் 6-ல் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப்போனார்கள் என்று முறையிடுகிறார்கள். அதற்கென ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய தட்டு காலியாக இருந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 1995 முதல் குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு ஓர் ஆலயத்தின் உள்ளேயே மேசை போட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். வாங்குகிறவர், கொடுக்கிறவர் என்று பிரிக்காமல் யாரும் வந்து பக்கத்தில் உட்காரலாம். மருத்துவரும் முடிதிருத்துபவரும் அங்கேயே வருகிறார்கள். மற்ற பல ஊர்களும் அதைப் பின்பற்றியிருக்கின்றன. பீடத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரை யாரும் வரிசையில் நின்றவர் என்று நினைக்க மாட்டார்கள்.

தெருமுனை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கூடினோம். நான்கு சபைகள் வந்தன. ஐந்தாவது சபை இப்போதைக்கு வரவில்லை என்றார்கள். அவர்களுடைய கட்டத்தைத் தாளில் அப்படியே வைத்திருக்கிறோம்.

மூப்பர் ஐயா சொன்னது போலவேதான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையில் எழுத இடமில்லை. இப்போது செவ்வாய், வியாழன், சனி மாலை ஆறு மணிக்கு மேல் மூன்று சபைகள். ஒரே எண், அதற்கான கைபேசி வாரத்துக்கு ஒரு சபையிடம். சமையலுக்கு முறை வைத்ததில் முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது, இரண்டாம் வாரம் நான்கு ஆண்கள் பாத்திரம் கழுவ வந்தார்கள். வரிசையில்நின்றவள் அக்கா எழுதியதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கணவர் எங்கே என்ற கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் "இந்த வாரம் எது இருந்தால் உதவியாக இருக்கும்?" என்று ஒரு கோடு.

படுக்கையில் இருக்கும் ஐயாவின் வீட்டுக்கு வாடகைக் கூடத்துச் சபையின் வாலிபர்கள் போனார்கள். பையை வாங்கிக்கொண்ட அம்மா, கோட்டில் எழுதச் சொன்னது "தூக்கம்". இரவில் யாராவது மூன்று மணி நேரம் பக்கத்தில் இருந்தால் தான் கொஞ்சம் தூங்கலாம் என்றார். எங்களில் யாருக்கும் நோயாளியைப் பார்த்துப் பழக்கமில்லை. மாலைச்செவிலி அக்கா, என்ன கற்றுக்கொடுக்க வேண்டும்?

மாலைச்செவிலி எழுதியது:

முதல் இரண்டு முறை உங்கள் நான்கு சபைகளில் இருக்கும் செவிலியர் யாராவது உடன் போகட்டும், நிச்சயம் ஒருவர் இருப்பார். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எப்படிப் புரட்டுவது என்று நேரில்தான் கற்க முடியும். படுத்த நிலையில் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது, தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திவிட்டுத்தான். மருந்தை நீங்கள் கொடுக்காதீர்கள், அந்த அம்மா தூங்கப் போகுமுன் கொடுத்துவிடட்டும். எப்போது எழுப்ப வேண்டும் என்று அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது தெரிந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.